ஹவுஸ்கீப்பிங்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: 40 அறை ஓட்டலில் ரூம் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். போன மாதம் ஹவுஸ்கீப்பிங் பொறுப்பையே என்னிடம் கொடுத்துவிட்டார்கள். கூட வேலை பார்த்த அக்காமார், “நேத்து வரைக்கும் எங்ககூட மாப் பிடிச்சவதானே” என்று முகத்துக்கு நேரே பேசுகிறார்கள். எப்படி வேலை வாங்குவது?
- வாசகி, கோவை

பதில்: தங்கச்சி, அவர்கள் பேச்சை விடுங்கள். யாருக்கு எந்த ரூம் என்று காலையில் நீங்கள் எழுதுகிற சீட்டைப் பாருங்கள். மனஸ்தாபம் பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும். ஆளுக்கு 12 ரூம் என்று எண்ணிக் கொடுத்தால் நியாயம் போலத்தான் தெரியும். ஆனால் செக்-அவுட் ஆன ரூமுக்கு 30, 40 நிமிடம் பிடிக்கும். ஆள் தங்கியிருக்கிற ரூமுக்கு அதில் பாதி போதும். ஒருத்திக்கு எட்டு செக்-அவுட், இன்னொருத்திக்கு மூன்று என்று விழுந்தால், மதியத்துக்குள் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். செக்-அவுட்டுக்கு இரண்டு புள்ளி, மற்றதற்கு ஒன்று என்று வைத்து, எல்லோருக்கும் புள்ளி சமமாக வருகிற மாதிரி பிரித்துக் கொடுங்கள். கல்யாண கோஷ்டி காலி செய்த ரூம் என்றால் இன்னொரு புள்ளி கூட்டுங்கள். அந்தச் சீட்டை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டுங்கள்.

ரூமைச் செக் பண்ணும்போது வாசலில் நின்று எட்டிப் பார்க்காதீர்கள். கட்டில் விளிம்பில் உட்காருங்கள், டாய்லெட் மூடியிலும் உட்காருங்கள். ஏசி துவாரத்துத் தூசியும் வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கிற கறையும் அங்கிருந்துதான் தெரியும். வந்தவர் பார்ப்பதும் அதைத்தான். தண்ணீர் போகிற ஜல்லடையில் ஒரு முடி கிடந்தால் வராண்டாவில் நின்று சத்தம் போட வேண்டாம். அந்த அக்காவை உள்ளே கூட்டிப்போய்க் காட்டுங்கள், போதும்.

நீங்கள் குரல் உயர்த்த வேண்டிய இடம் மேலே இருக்கிறது. ஒவ்வொரு கட்டிலுக்கும் குறைந்தது மூன்று செட் விரிப்பு வேண்டும்: விரித்தது ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று. இரண்டே செட் வாங்கிக் கொடுத்துவிட்டு “ரூம் ஏன் இன்னும் ரெடியாகலை” என்று ரிசப்ஷனில் கத்தினால், அது உங்கள் பெண்களின் தப்பே இல்லை. விரிப்புக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போங்கள். அதை நீங்கள் ஒருமுறை செய்துவிட்டால் அக்காமார் தானாக உங்கள் பக்கம் வருவார்கள்.

கேள்வி: மகள் இந்த வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்கிறாள். பெருக்கித் துடைக்க ஒரு படிப்பா? பாதுகாப்பும் பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், திருச்சி

பதில்: அனுப்புங்கள் அம்மா. உங்கள் ஊர்ப் பக்கம் துவாக்குடியிலேயே அரசு ஓட்டல் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது, சென்னையில் தரமணியில் இருக்கிறது. சலவை, சாமான் கொள்முதல், ஆட்கள், பட்ஜெட் எல்லாம் இந்தத் துறைத் தலைவர் கையில்தான். ஆள் இருக்கிற ரூமுக்குள் போனால் கதவைத் திறந்து வைத்துதான் வேலை பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற இடமாகப் பாருங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். நேர்முகத்துக்குப் போகும்போதே அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று மகள் கேட்கட்டும். பதில் சொல்லத் தயங்குகிற ஓட்டல் வேண்டாம்.

கேள்வி: வெள்ளைத் துண்டில் மஞ்சள்தூள் கறை போக என்ன செய்வீர்கள்?
- வாசகி, ஈரோடு

பதில்: சோப்பு பட்டதும் சிவப்பாக மாறும், பயப்படாதீர்கள். நன்றாக அலசி, ஈரத்தோடு உச்சி வெயிலில் போடுங்கள். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுத்துவிடும். கறை போகும் முன் இஸ்திரி மட்டும் போட்டுவிடாதீர்கள்.