கல்லும் நகையும்: சந்திரகாந்தம் பற்றி வாசகர் கேள்விகள்

முத்து நகைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், முத்துக்கு மாற்றாகச் சொல்லப்படும் சந்திரகாந்தக் கல்லை, அதாவது ஆங்கிலத்தில் ‘மூன் ஸ்டோன்’ எனப்படுவதைப் பற்றியவையாக இருந்தன. ஒரே பொருளைப் பலர் கேட்டிருப்பதால், அவற்றிலிருந்து சிலவற்றைத் தேர்ந்து இம்முறை பதில் தருகிறோம்.

கே: என் மகள் கடக ராசி. முத்து மோதிரம் அணியச் சொல்லி எங்கள் ஜோதிடர் கூறினார். நகைக்கடையிலோ, ‘முத்து எதற்கு, மூன் ஸ்டோன் போட்டாலே போதும்’ என்கிறார்கள். எதைக் கேட்பது? இந்தக் கல்லுக்கு என்னதான் பொருள்? – காரைக்குடி வாசகி

ப: நவரத்தினங்களில் சந்திரனுக்கு உரியதாகச் சொல்லப்படுவது முத்துதான். சந்திரகாந்தம் அந்த ஒன்பதில் இல்லை. முத்து வாங்க இயலாதவர்கள் அணியத்தக்க உபரத்தினமாகவே ஜோதிட வழக்கில் அதற்கு இடம் உண்டு. ஆகவே உங்கள் ஜோதிடரும் கடைக்காரரும் ஒருவரையொருவர் மறுக்கவில்லை. ஒருவர் முதல் கல்லைச் சொல்கிறார், மற்றவர் கையில் இருக்கும் சரக்கைச் சொல்கிறார்.

சந்திரனின் ஒளி பட்டால் இக்கல் உருகி நீர் கசியும் என்று வடமொழிக் காவியங்கள் பாடியிருக்கின்றன. மாளிகை மாடங்களில் பதித்த சந்திரகாந்தங்கள் நள்ளிரவில் துளி சொட்டுவதாக வரும் வருணனைகள் பழைய காவியம் படித்தவர்களுக்குப் புதியவையல்ல. குளிர்ச்சி, மன அமைதி, தாய்மை, நல்ல உறக்கம் என்று இன்று இக்கல்லின்மேல் ஏற்றிச் சொல்லப்படும் பொருள்கள் எல்லாம் சந்திரனுக்கு ஜோதிடம் கொடுத்த குணங்களிலிருந்து வந்தவையே. மேல்நாட்டு வழக்கில் ஜூன் மாதத்தில் பிறந்தவர்களுக்கு முத்து, அலெக்சாண்ட்ரைட் ஆகியவற்றோடு இதுவும் உரிய கல். உறக்கத்தையோ கோபத்தையோ இக்கல் மாற்றுகிறது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. நம்பிக்கையோடு அணிவது உங்கள் குடும்பத்தின் உரிமை, ஆனால் அந்த நம்பிக்கைக்கென்று கடைக்காரர் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

கே: இணையத்தில் ‘ரெயின்போ மூன் ஸ்டோன்’ என்று ஒரு பதக்கமும், ‘ஓபலைட் மூன் ஸ்டோன்’ என்று ஒரு கைச்சங்கிலியும் வாங்கினேன். இரண்டும் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. தெரிந்தவர் ஒருவர் இரண்டுமே போலி என்கிறார். உண்மையா? – கோயம்புத்தூர் வாசகி

ப: கைச்சங்கிலியைப் பற்றி அவர் சொன்னது உண்மை, பதக்கத்தைப் பற்றிச் சொன்னது முழு உண்மையல்ல.

சந்திரகாந்தம் ஃபெல்ஸ்பார் என்னும் கனிமக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூமிக்கடியில் பாறைக்குழம்பு ஆறும்போது பொட்டாசியம் மிகுந்த ஆர்த்தோகிளேஸும் சோடியம் மிகுந்த ஆல்பைட்டும் முதலில் ஒன்றாகக் கலந்து உறைகின்றன; பிறகு வெப்பம் மெல்ல மெல்லத் தணியத் தணிய, அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத மிக மெல்லிய அடுக்குகளாக அமைகின்றன. உள்ளே நுழையும் ஒளி அந்த அடுக்குகளில் பட்டுச் சிதறுவதால்தான் கல்லின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒரு வெளிச்சம் மிதப்பதுபோல் தெரிகிறது. அடுக்குகள் மிக மெல்லியவையாக இருந்தால் அது நீலமாகவும், சற்றுத் தடித்திருந்தால் வெண்மையாகவும் இருக்கும். நீலத்துக்கு விலை அதிகம்.

‘ரெயின்போ’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் வெண்ணிற லாப்ரடோரைட். அதுவும் ஃபெல்ஸ்பார்தான், இயற்கைக் கல்தான். ஆனால் கனிமவியல் கணக்கில் அது வேறு வகை. பரிசோதனைக் கூடச் சான்றிதழில் லாப்ரடோரைட் என்று இருந்தால் ஏமாற்றப்பட்டதாக எண்ண வேண்டாம். சந்திரகாந்தத்தின் உயர்ந்த விலையை அதற்குக் கொடுத்திருந்தால் மட்டும் வருத்தப்படலாம்.

‘ஓபலைட்’ வெறும் கண்ணாடி, ஆலையில் வார்க்கப்படுவது. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. கைச்சங்கிலியின் ஒரு மணியைக் கறுப்புத் துணிமேல் வைத்துப் பாருங்கள். மணி முழுவதும் ஒரே சீராகப் பால் கலந்த நீலமாகத் தெரியும். அதையே ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறிவிடும். உருட்டிப் பார்த்தாலும் நிறம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகராது. நகைக்கடை லென்ஸால் பார்த்தால் சில மணிகளில் உருண்டையான காற்றுக் குமிழிகளும் தென்படும். உண்மையான சந்திரகாந்தத்தில் கல்லைச் சாய்க்கச் சாய்க்க ஒளித்திட்டு இடம் மாறிக்கொண்டே போகும், ஒரு கோணத்தில் முற்றிலும் மறைந்தும் போகும். கல்லின் உள்ளே ஒரு நீண்ட விரிசலும் அதன் இருபுறமும் குட்டை விரிசல்களுமாகத் தெரிந்தால், அதை வியாபாரிகள் பூரான் என்பார்கள். கல்லுக்கு அது குறைதான் என்றாலும் கல் அசல் என்பதற்கு நல்ல அடையாளம்.

இந்தச் சோதனையைக் கடையின் விளக்குகளுக்குக் கீழே செய்ய வேண்டாம். கூரை முழுவதும் எல்.இ.டி. விளக்குகள் எரியும் இடத்தில் எல்லாத் திசையிலிருந்தும் ஒளி விழுவதால் திட்டு கலைந்து போகும். வாசலுக்கு எடுத்துச் செல்லுங்கள், அல்லது கைப்பேசியின் ஒற்றை டார்ச் விளக்கை மேலிருந்து பிடியுங்கள். ஒளித்திட்டு கல்லின் நடு உச்சியில் தெரிந்தால் வெட்டியவர் தொழில் தெரிந்தவர். ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தால், எடை குறையக்கூடாது என்பதற்காக அடுக்குகளின் போக்கைப் பார்க்காமல் வெட்டியிருக்கிறார் என்று பொருள். அத்தகைய கல் எத்தனை காரட் இருந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

கே: இலங்கைக் கல்தான் உயர்ந்தது என்கிறார்களே? காங்கேயம் பகுதியிலும் இக்கல் கிடைப்பதாகக் கேள்விப்படுகிறோம். – திருப்பூர் வாசகர்

ப: இரண்டும் உண்மை. இலங்கையின் தென்மேற்கே, காலி மாவட்டத்தில் அம்பலாங்கொடைக்கு அருகிலுள்ள மீட்டியாகொடை என்னும் சிற்றூர் நீலச் சந்திரகாந்தத்துக்குப் பெயர்பெற்றது. அங்கே வெள்ளைக் களிமண்ணாகச் சிதைந்துபோன பாறைக்குள் கிணறுபோல் குழி இறக்கி, கையாலேயே கல்லை எடுத்து வருகிறார்கள். கண்ணாடிபோல் தெளிந்த உடலும் அதன்மேல் மிதக்கும் நீலமும் ஒன்றாக அமைந்த கற்கள் அங்கிருந்து வந்தவை என்றால் வியாபாரிகள் தயங்காமல் விலை கொடுப்பார்கள். அந்த நாட்டுக்குச் சென்று வாங்குபவர்கள், கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபையின் ஆய்வகத்தில் கல்லைச் சோதித்துக்கொள்ளலாம். (அநுராதபுரத்துக் கோயில் வாயில்களில் யானையும் அன்னமும் செதுக்கிய அரைவட்டப் படிக்கல்லையும் ஆங்கிலத்தில் இதே பெயரால் அழைக்கிறார்கள். அதற்கும் இந்த மணிக்கும் தொடர்பில்லை.)

காங்கேயம் வட்டாரத்துக் கற்கள் வேறு குணம் உடையவை. சாம்பல், தேன், இளஞ்சிவப்பு என்று உடல் நிறம் கொண்டவையும், ஒளி வெண்மையாக விழுபவையும் அதிகம். பூனைக்கண்போல் கோடு விழும் கற்களும் இந்தியச் சரக்கில் உண்டு. நொய்யல் கரையிலுள்ள சங்ககால ஊரான கொடுமணலில் கல்மணி கோத்த காலத்திலிருந்தே கல்லுக்குப் பேர்போன வட்டாரம் அது. இலங்கை நீலத்தோடு ஒப்பிட்டு அதைத் தாழ்த்திப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. தேன் நிறக் கல்லைத் தங்கத்தில் கட்டினால் நீலக் கல் அதன் அருகே நிற்காது.

கே: இது நிலாவிலிருந்து வந்த கல்லா? என் பேரன் கேட்கிறான். – தஞ்சாவூர் வாசகர்

ப: இல்லை, பூமியின் கல்தான். ஆனால் பேரனுக்கு இதையும் சொல்லுங்கள்: நிலாவில் வெண்மையாகத் தெரியும் மேட்டு நிலங்கள் பெரும்பாலும் ஃபெல்ஸ்பார் குடும்பத்துப் பாறைகளால் ஆனவை. மனிதன் நிலாவில் இறங்கியதன் நினைவாக அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 1970இல் சந்திரகாந்தத்தைத் தன் மாநில இரத்தினக்கல்லாக அறிவித்தது. அந்த மாநிலத்தில் இக்கல் இயற்கையாகக் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

கே: சந்திரகாந்த மோதிரத்தை நாள்தோறும் அணியலாமா? ஒரு வருடத்துக்குள் என் மோதிரக் கல் மங்கிவிட்டது. பாலில் ஊற வைத்துச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். – மதுரை வாசகி

ப: கல் மங்கவில்லை, தேய்ந்திருக்கிறது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சந்திரகாந்தம் 6 முதல் 6.5 வரை, நம் வீட்டுத் தூசியில் எங்கும் கலந்திருக்கும் மணலின் குவார்ட்ஸ் 7. பாத்திரம் துலக்கும்போதும் வாசலில் கோலம் போடும்போதும் கையில் மோதிரம் இருந்தால் நுண்ணிய கீறல்கள் விழுந்து மேற்பரப்பு மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். நல்ல பட்டறையில் மீண்டும் மெருகேற்றினால் ஒளி திரும்பும். புதுக் கல் வாங்கத் தேவையில்லை.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது உடைப்பு. இக்கல்லுக்குள் ஏறக்குறைய செங்குத்தாகச் சந்திக்கும் இரண்டு பிளவுத் தளங்கள் இருப்பதால், ஒரு கிரானைட் மேடையில் ஓங்கி இடித்தாலே இரண்டாகப் பிளக்கக்கூடும். அதனால் நாள்தோறும் அணிய விரும்புவோர் மோதிரத்தைவிடக் காதணியையோ பதக்கத்தையோ தேர்ந்தெடுப்பது நல்லது. மோதிரம்தான் வேண்டும் என்றால், நான்கு நகங்கள் மட்டும் பிடித்திருக்கும் அமைப்பை விட்டு, சுற்றிலும் உலோக விளிம்பு மூடிய அமைப்பாகக் கேளுங்கள். அடிப்பக்கம் மூடிய நகையானால், நீலத்தைக் கூட்டிக் காட்டக் கல்லின் அடியில் கறுப்புப் பூச்சு ஏதும் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

எந்த விரலில் அணிவது என்பதில் ஜோதிடர்களே ஒன்றுபடுவதில்லை. உங்களுக்குச் சொன்னவர் சொன்னபடி செய்யுங்கள். திங்கட்கிழமை முதன்முதலாக அணியும்போது பாலில் ஒரு முறை தோய்த்து எடுப்பதால் கல்லுக்குக் கேடில்லை, ஆனால் கட்டின் இடுக்கில் பால் தங்காதபடி நல்ல தண்ணீரில் உடனே அலசிவிட வேண்டும். உப்பு நீரில் ஊற வைப்பது வேண்டாம், வெள்ளி கறுத்துவிடும். வெதுவெதுப்பான நீர், ஒரு துளி மென்சோப்பு, குழந்தைகளுக்கான மெல்லிய பல்துலக்கி ஆகியவையே போதும். கடைகளில் இலவசமாகச் செய்துதரும் அல்ட்ராசானிக் சுத்தமும் நீராவிச் சுத்தமும் இக்கல்லுக்கு ஆகாதவை. மோதிரத்தின் அளவை மாற்றக் கொடுத்தால், நெருப்பு வைக்கும் முன் கல்லைக் கழற்றி எடுத்துவிட்டாரா என்று ஆசாரியிடம் நேரில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். திடீர்ச் சூட்டில் விரிசல் விட்ட கல்லை எந்த மெருகும் சரிசெய்யாது.