வாசகர் கேள்வி–பதில்: அழுதுகொண்டே களிகூர முடியுமா?

கேள்வி: வேலை போய்ப் பல மாதங்களாகின்றன. கடன் வேறு கழுத்தை நெரிக்கிறது. ‘எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’ என்ற வசனத்தைக் கேட்டாலே குற்ற உணர்ச்சிதான் மிஞ்சுகிறது. என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

பதில்: இல்லை. அந்த வசனத்தை (1 தெசலோனிக்கேயர் 5:16) எழுதிய அப்போஸ்தலன் பவுலே, பிழைப்போம் என்ற நம்பிக்கை அற்றுப்போகுமளவுக்குப் பாரம் அழுத்தியதாக 2 கொரிந்தியர் 1:8-ல் ஒளிக்காமல் எழுதுகிறார். இறந்துபோன நண்பர் லாசருவை உயிரோடு எழுப்பப்போவது இயேசுவுக்குத் தெரியும். அப்படியிருந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். ஆபகூக் 3:17-ஐ நிதானமாக வாசியுங்கள். அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம், வயல், ஆட்டுமந்தை, மாடு என்று போனதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணிவிட்டுத்தான் அந்தத் தீர்க்கதரிசி அடுத்த வசனத்தில் ‘கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்’ என்கிறார். இழப்பை மறைத்துவிட்டுச் சிரிக்கும்படி வேதம் யாரையும் கேட்கவில்லை.

கேள்வி: ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை. என்ன செய்வது?

பதில்: 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனங்கள்தான். முதல் இரண்டும் முறையீடு. ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை கேட்கிறார் தாவீது. நீங்களும் அதே சொல்லில் தொடங்கி, உங்கள் வேதனையை வாய்விட்டுச் சொல்லுங்கள், அல்லது நோட்டில் எழுதுங்கள். 3, 4 வசனங்கள் விண்ணப்பம். இங்கே ‘எல்லாவற்றையும் சரிசெய்யும் ஆண்டவரே’ என்று பொதுவாகக் கேட்டால் மனம் ஒட்டாது. ‘நாளைக்குக் கடன்காரரிடம் நிதானமாகப் பேச எனக்குத் தைரியம் தாரும்’ என்று குறிப்பாகக் கேளுங்கள். கடைசி இரண்டும் நம்பிக்கை: தேவன் முன்பு செய்த நன்மை ஒன்றை, ஒன்றே ஒன்றை, நினைத்து நன்றி சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும்.

பலர் இடறுவது இரண்டு இடங்களில். முறையீட்டைத் தாண்டி நேரே துதிக்குப் போனால் அது உதட்டளவில் நின்றுவிடும். முறையீட்டிலேயே தங்கிவிட்டாலோ, ஜெபம் வெறும் கவலையாகிவிடும். சில நாட்களில் ஐந்தாம் வசனம் வரவே வராது. அதற்காகப் பயப்படாதீர்கள், 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் ஜெபம்தான். பிலிப்பி சிறையில் நடுராத்திரியில் துதித்துப் பாடியபோது பவுல் தனியாக இல்லை, சீலாவும் கூட இருந்தார். உங்களால் முடியாத நாளில் இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருங்கள்.

கேள்வி: தூக்கமில்லை, பசியில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது. ஜெபம் மட்டும் போதுமா?

பதில்: இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் இதைச் சொல்லுங்கள், அவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். அதுவரை தனியாக இருக்காதீர்கள். ‘போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்’ என்று சூரைச்செடியின் கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவைத் தேவன் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பி இரண்டு முறை எழுப்பிச் சாப்பிட வைத்தார் (1 இராஜாக்கள் 19). ஓரேப் மலையிலே அவரோடு பேசியது அதற்குப் பிறகுதான். மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: துக்கத்தில் இருப்பவரைப் பார்க்கப் போனால் என்ன வசனம் சொல்லலாம்?

பதில்: முதல் சந்திப்பில் எதுவும் வேண்டாம். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூடவே உட்கார்ந்திருந்தவரை ஆறுதலாகத்தான் இருந்தார்கள். காரணம் சொல்லக் கிளம்பியதும் காயப்படுத்தினார்கள். ‘ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்’ என்பதைவிட, ‘சனிக்கிழமை பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லி, அப்படியே செய்யுங்கள்.