கேக் மாவுக்குக் கப்பா, தராசா?

கேள்வி: ஒரே குறிப்பு, ஒரே ஓவன். ஆனாலும் என் கேக் ஒரு வாரம் பஞ்சு மாதிரி வருகிறது, அடுத்த வாரம் வறண்டு உதிர்கிறது. நல்ல கப் செட் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், தராசு வாங்கச் சொல்கிறார்கள். என் பாட்டி கடைசிவரை உழக்கில்தானே அளந்தார்? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தராசே வாங்குங்கள். உங்கள் கைப்பக்குவத்தில் குறை இருப்பதாகத் தெரியவில்லை.

பாட்டியின் உழக்கும் சரிதான். இட்லிக்கு நாலு உழக்கு அரிசி, ஒரு உழக்கு உளுந்து என்றால் இரண்டுக்கும் அதே உழக்கு, விகிதம் மாறாது. தலைதட்டி அளந்தால் அரிசி ஏறக்குறைய ஒரே அளவுதான் நிற்கும். மைதா அப்படியில்லை, அது அமுங்கும். போன வாரம் 240 மி.லி. கப் ஒன்றைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கரண்டியால் மெதுவாக அள்ளிப் போட்டுத் தலைதட்டியபோது 122 கிராம். அதே கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அள்ளித் தலைதட்டியபோது 149. இரண்டு கப் மாவு போடும் கேக்கில் 50 கிராமுக்கு மேல் கூடிவிடுகிறது. முட்டையும் பாலும் அதே அளவுதான், அப்புறம் எப்படி வறளாமல் இருக்கும்?

கப்பிலும் பல அளவு உண்டு. அமெரிக்கக் குறிப்பில் கப் என்றால் சுமார் 240 மி.லி., ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. புது கப் செட் வாங்கினாலும் இந்தக் குழப்பம் தீராது.

வாங்கும்போது 5 கிலோ வரை தாங்கும், ஒவ்வொரு கிராமாகக் காட்டும் தராசு போதும். உங்கள் பெரிய பாத்திரத்தை அதன் மேல் வைத்து, எண் தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பல தராசுகளில் பாத்திரம் திரையை மறைத்துவிடும், பிறகு ஒவ்வொரு முறையும் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். பாத்திரத்தை வைத்தபின் எண்ணைப் பூஜ்யமாக்கும் 'டேர்' பட்டன் கட்டாயம் இருக்க வேண்டும். மாவைப் போட்டுப் பூஜ்யமாக்கி, அதன் மேலேயே சர்க்கரையைப் போடலாம். கழுவ வேண்டிய பாத்திரமும் குறையும். 'மி.லி.' என்று காட்டும் வசதிக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். அது பெரும்பாலும் தண்ணீருக்கான கணக்கு, 100 மி.லி. எண்ணெய் 92 கிராம்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பத்து ரூபாய் நாணயம் பத்தை வைத்துப் பாருங்கள். 77 கிராம் அளவில் காட்டினால் சரி.

மூன்றை மட்டும் தராசிடம் விடாதீர்கள்: பேக்கிங் சோடா, ஈஸ்ட், உப்பு. அரை டீஸ்பூன் சோடா இரண்டு மூன்று கிராம்தான். ஒரு கிராம் பிசகினாலே கேக்கில் சோடா வாடை வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் இந்தத் தராசுகள் சில நேரம் அசையவே அசையாது. இவற்றுக்கு அளவுக் கரண்டியே நல்லது, தலைதட்டி.

பழைய குறிப்புகளைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த முறை வழக்கம்போல் கப்பில் அளந்து, ஒவ்வொன்றையும் எடை போட்டுக் குறித்து வையுங்கள். எந்த வாரம் கேக் பஞ்சாக வருகிறதோ, அந்த எடைதான் இனி உங்கள் குறிப்பு.

கேள்வி: வீட்டில் கேக் செய்து அரை கிலோ, ஒரு கிலோ என்று விற்கிறேன். இதே தராசு போதுமா?

பதில்: செய்வதற்குப் போதும், விற்பதற்குப் போதாது. எடை போட்டு விற்க முத்திரையிட்ட தராசு வேண்டும் என்பது 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். சமையலறைத் தராசுகளுக்கு அந்த முத்திரை இருக்காது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை இதைக் கவனிக்கிறது. மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரைக்குக் கொண்டுபோக வேண்டும். வாங்கும்போதே முத்திரைச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, பில்லோடு சேர்த்து வையுங்கள்.