போபண்ணாவும் இரட்டையர் ஆட்டமும்

அன்புள்ள ஐயா,

டென்னிஸ் வீரர் ரோகன் போபண்ணா ஓய்வை அறிவித்தபோது அவரைப் பெரும் சாம்பியன் என்று எழுதியிருந்தீர்கள். ஒற்றையர் தரவரிசையில் அவர் தொட்ட உச்சம் 213தான். ஒற்றையரில் நிலைக்க முடியாதவர்கள் ஒதுங்கும் இடம்தானே இரட்டையர்? பதினான்கு வயதான என் மகனை இரட்டையரிலும் கவனம் செலுத்தச் சொல்கிறார் அவனுடைய பயிற்சியாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எஸ்., அல்சூர், பெங்களூரு

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்லும் எண் சரிதான். 2007இல் 213ஆம் இடத்தைத் தொட்ட பிறகு ஒற்றையரில் அவர் மேலே ஏறவில்லை. ஆனால் ஒற்றையர் ஆடத் தெரியாதவர் அல்லர் அவர். நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில், 2010இல் பிரேசிலுக்கு எதிராகச் சென்னையில் இந்தியா 0-2 எனப் பின்தங்கி, பிறகு 2-2 என்று சமன் செய்தபோது, முடிவைத் தீர்மானிக்கும் ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கி ரிக்கார்டோ மெல்லோவை நேர் செட்களில் வென்றவர் அவர்தான். அன்று அவரை வெல்ல வைத்தவற்றுள் முதன்மையானது, ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கிவைக்கும் அடியான சர்வ். குடகில் காப்பித் தோட்டச் சூழலில் வளர்ந்த அவர், அந்த சர்வுக்கு வலுச் சேர்க்க விறகு பிளந்ததைத் தம் ஓய்வு அறிவிப்பில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த சர்வும், வலையருகே விரைந்து செயல்படும் கையும், நீண்ட ஓட்டத்தைத் தாங்காத கால்களும் கொண்ட ஒருவர் தம் ஆட்டம் எதற்கு ஏற்றது என்பதைக் கண்டுகொண்டு அதிலேயே தங்கியதை ஒதுங்கல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒற்றையருக்கு 27 அடி அகலமுள்ள களம் இரட்டையருக்கு 36 அடியாக விரிகிறது. எதிரே இருவர் நிற்பதால் பந்தை அனுப்பும் வழிகளோ குறுகிவிடுகின்றன. சர்வ் போடும் முன் வலையருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல்களைக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சர்வ் எந்தப் பக்கம் விழ வேண்டும், தாம் குறுக்கே பாயப் போகிறோமா, நின்ற இடத்திலேயே நிற்கப் போகிறோமா என்பதெல்லாம் அந்த ஒரு நொடிச் சைகையில் முடிவாகிறது. சர்வ் போடுபவர் அதை மனத்தில் வாங்கிக்கொண்டு, சொன்ன இடத்தில் பந்தை இறக்க வேண்டும். ஒரு சாண் பிசகினாலும் கூட்டாளி திறந்த மார்போடு எதிரியின் முழு வேக அடியின் முன் நிற்பார். ஆடவர் தொழில்முறைச் சுற்றான ஏடிபியின் இரட்டையர் போட்டிகளில், 40-40 எனச் சமனாகும் டியூஸுக்குப் பிறகு ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். அந்தப் புள்ளியில் சர்வை இருவரில் யார் எதிர்கொள்வது என்பதை, சர்வை எதிர்கொள்ளும் அணியே தேர்ந்தெடுக்கும். மூன்றாவது செட்டுக்குப் பதில், புள்ளிகளை மட்டும் எண்ணி வெற்றியைத் தீர்மானிக்கும் பத்துப் புள்ளி டைபிரேக். இவ்வளவு குறுகிய இடைவெளிகளில் பதறாமல் இருப்பதைத் தனித் திறமையாகவே நான் மதிக்கிறேன்.

அவருடைய பட்டங்களை விரைவாகவே சொல்லிவிடலாம். 2010 அமெரிக்க ஓபன் இறுதியில் பாகிஸ்தானின் ஐசாம்-உல்-ஹக் குரேஷியுடன் ஆடிப் பிரையன் சகோதரர்களிடம் இரண்டு டைபிரேக்குகளில் தோற்றார். 2017இல் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கியுடன் பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார். என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது அதன் பிறகு வந்த காலம்தான். முழங்கால்களில் குருத்தெலும்பு தேய்ந்து போயிருந்தது. 2021இல் மாதக்கணக்கில் ஓர் ஆட்டம்கூட வெல்ல முடியாமல், விட்டுவிடலாமா என்று எண்ணியதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஐயங்கார் யோகாவால் கால்களை வலுப்படுத்திக்கொண்டு, மேத்யூ எப்டனுடன் இணைந்து 2023 அமெரிக்க ஓபன் இறுதிவரை வந்தார். 2024 ஜனவரியில் மெல்பர்னில் ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் பொலெல்லி, வவாசோரி இணையை 7-6, 7-5 என்று வென்று தம் முதல் ஆடவர் இரட்டையர் கிராண்ட்ஸ்லாம் பட்டத்தைப் பெற்றார். முதல் செட்டின் டைபிரேக்கில் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. நாற்பத்து மூன்று வயதில் முதன்முறையாக இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்துக்கு வந்தவர் அதற்கு முன் எவரும் இல்லை. பயஸ், பூபதி, சானியா மிர்சா ஆகியோருக்குப் பின் அந்த இடத்தைத் தொட்ட நான்காவது இந்தியரும் அவரே.

உங்கள் மனக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்திய ஒற்றையர் ஆட்டம் மெலிந்துதான் கிடக்கிறது. அதே 2024 மெல்பர்னில் சுமித் நாகல் பப்ளிக்கை வென்றபோது, ஒற்றையரில் ‘சீட்’ பெற்ற (போட்டிக்கு முன்பே முன்னணி வீரராக வரிசைப்படுத்தப்பட்ட) வீரர் ஒருவரை இந்தியர் கிராண்ட்ஸ்லாமில் வீழ்த்துவது 1989இல் ரமேஷ் கிருஷ்ணன் விலாண்டரை வென்றதற்குப் பிறகு அதுவே முதல் முறை. முப்பத்தைந்து ஆண்டு இடைவெளி! ஆனால் அதற்குப் போபண்ணாவைப் பொறுப்பாக்குவது முறையல்ல. பயிற்சியாளரையும் உடலியக்க நிபுணரையும் கூட்டிக்கொண்டு ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சுற்ற நம் இளைஞர்களிடம் பணம் இல்லை என்பதை உணர்ந்து, இரட்டையர் வீரர்களுக்காவது அந்த ஏற்பாட்டைச் செய்யவே ‘டபுள்ஸ் ட்ரீம் ஆஃப் இந்தியா’ திட்டத்தை அவர் தொடங்கினார். அவர் விட்டுச்செல்வதில் பட்டங்களைவிட இதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். 2022இல் அடிலெய்டிலும் புனேயிலும் ராம்குமார் ராமநாதனைத் துணையாகக் கொண்டு வென்றார். பாரிஸ் ஒலிம்பிக்கில் கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜியுடன் ஆடினார். தம்மைவிட அனுபவம் குறைந்தவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள அவர் தயங்கியதில்லை.

உங்கள் மகன் விஷயத்தில், பதினான்கு வயதில் எதையும் கைவிட வேண்டியதில்லை. ஒற்றையரை அவன் தொடரட்டும். பயிற்சியாளர் சொல்வதையும் கேட்கட்டும். சர்வைத் திரும்ப அடிப்பதும், பந்து தரையில் படுமுன் அடிக்கும் வாலியும் இரட்டையர் ஆடும் பிள்ளைகளுக்கு விரைவில் கைகூடுகின்றன. கப்பன் பூங்காவிலுள்ள மாநில டென்னிஸ் சங்க அரங்கில் பெங்களூரு ஓபன் நடக்கும்போது அவனை ஓர் இரட்டையர் ஆட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பக்கவாட்டில் அமராமல், களத்தின் ஒரு முனைக்குப் பின்னால் இருக்கும் இருக்கைகளில் உட்காருங்கள். பந்தை விட்டுவிட்டு, வலையருகே நிற்பவரின் கால்களை மட்டும் ஒரு செட் முழுவதும் கவனிக்கச் சொல்லுங்கள்.