இருமொழி நாடகத்தைச் சர்டைட்டிலோடு (மேடைக்கு மேலேயோ பக்கத்திலோ திரையில் வரும் மொழிபெயர்ப்போடு) பார்ப்பது தொந்தரவாக இல்லையா? மேடையைப் பார்ப்பதா, எழுத்தைப் படிப்பதா?

தொந்தரவுதான். அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் யாருக்குத் தொந்தரவு என்று கேட்டால் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கேள்வியைப் படித்தால் உங்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் நன்றாகவே தெரியும் போலிருக்கிறது. அநேகமாக முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். பாட்டி வேடம் போட்டவர் தமிழில் பேசும்போது மேலே ஆங்கிலம் வந்திருக்கும். வேண்டாம் வேண்டாம் என்றாலும் கண் அங்கேயே போயிருக்கும். படிக்கத் தெரிந்தவர் முன்னால் எழுத்தைக் காட்டிவிட்டுப் படிக்காதே என்றால் நடக்கிற காரியமா? காது ஒன்றைக் கேட்கிறது, கண் அதையே வேறு மொழியில் படிக்கிறது, மூளை இரண்டையும் ஒப்பிட்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்த ஆரம்பித்துவிடுகிறது. நடிகரின் முகம் கைநழுவிப் போகிறது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த இம்சை அதிகம். எனக்கும் உண்டு.

ஆனால் அதை உங்களுக்காகவோ எனக்காகவோ போடவில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்காகப் போட்டிருக்கிறார்கள். என் விஷயத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தது என் அம்மா.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கடைப் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். தமிழ் படிப்பதில் மட்டும் எமகாதகி. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளிலேயே வளர்ந்தவர். நான் ஒரு பக்கம் முடிப்பதற்குள் மூன்றாவது பக்கத்தில் இருப்பார். அவரை நான் ஒரு இருமொழி நாடகத்துக்கு அழைத்துப் போனேன். மூன்று தலைமுறைக் குடும்பக் கதை. பாட்டிக்குத் தமிழ் மட்டும், பேரனுக்கு ஆங்கிலம் மட்டும். நடுவில் இருக்கும் மகள் இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். சண்டை வரக்கூடாது என்று அவள் இரண்டு பக்கமும் பொய் சொல்லிக்கொண்டே இருப்பாள். பேரன் ஆங்கிலத்தில் கன்னாபின்னாவென்று பேசுவான், இவள் பாட்டியிடம் "உனக்கு உடம்பு எப்படியிருக்குன்னு கேக்குறாம்மா" என்பாள். நாடகம் முழுக்க இதுதான் விளையாட்டு. பேரன் உண்மையில் என்ன சொன்னான் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தால்தான் இது சிரிப்பு. தெரியாவிட்டால் ஒன்றுமே இல்லை.

அந்த அரங்கில் மேடைக்கு இரண்டு பக்கமும் திரை வைத்திருந்தார்கள். தமிழில் பேசினால் ஒரு பக்கம் ஆங்கிலம் வரும், ஆங்கிலத்தில் பேசினால் மறுபக்கம் தமிழ் வரும். அம்மா சரசரவென்று படித்துவிட்டுப் பேரன் வசனத்தை முடிப்பதற்குள் சிரித்துவிடுவார். முன்னால் இருந்தவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஆங்கிலம் பிசகில்லாமல் பேசும் கூட்டத்துக்கு நடுவில், ஆங்கில வசனத்துக்கு முதலில் சிரித்தது என் அம்மா. இதைப் பெருமையடிப்பது என்று யாராவது சொன்னால், ஆமாம், பெருமைதான்.

இத்தனைக்கும் தமிழ்த் திரை ஒழுங்காகவும் இல்லை. கொம்பும் துணைக்காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து தனித்தனியாக நின்றன, நடுவில் புள்ளிவட்டம் வேறு. ஒரு கணினியில் தயாரித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் ஓட்டினால் அப்படித்தான் ஆகும். நாடகக் குழுவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து ஸ்லைடுகளைப் படங்களாக மாற்றி எடுத்துப் போங்கள். ஐந்து நிமிட வேலை. ஆங்கிலத் திரையில் ஒரு காற்புள்ளி தவறினால் பதறுகிறவர்கள் தமிழ் உடைந்து கிடந்தால் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு நாடகம் அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. வீட்டுக்கு வருகிற போகிற எல்லோரிடமும் கதையைச் சொன்னார். கொஞ்ச காலம் கழித்து அதே கதையை வேறொரு குழு மேடையேற்றுகிறது என்று தெரிந்ததும் "அக்காவையும் கூட்டிட்டுப் போகணும்டி" என்றார். பெரியம்மாவுக்கும் ஆங்கிலம் தெரியாது. விளம்பரத்தில் 'இருமொழி நாடகம், சர்டைட்டில் உண்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மூன்று பேரும் போனோம்.

இங்கே ஒரே ஒரு திரை. தமிழ் வசனத்துக்கு ஆங்கிலம் வந்தது. ஆங்கில வசனத்துக்கு ஒன்றும் வரவில்லை. திரை கறுப்பாகவே இருந்தது. முதலில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். ஆபரேட்டர் கையால்தான் ஒவ்வொரு ஸ்லைடாகத் தட்டுகிறார், நடிகர் இரண்டு வரியைத் தாண்டிவிட்டால் அவரும் தடுமாறி ஓடிப் பிடிக்க வேண்டும், இதெல்லாம் சகஜம். பத்து நிமிடம் போனதும் புரிந்தது, திட்டமே அதுதான். தமிழ் தெரியாதவர்களுக்கு வசதி செய்திருக்கிறார்கள். ஆங்கிலம் தெரியாதவர் என்று ஒருவர் அரங்குக்கு வரக்கூடும் என்பதே அவர்கள் எண்ணத்தில் இல்லை.

பேரன் கத்துகிறான், மகள் மாற்றிச் சொல்கிறாள், பெரியம்மா அதை அப்படியே நம்புகிறார். "நல்ல பையனாத்தான் இருக்கான்" என்றார் என்னிடம். மேடையில் இருந்த பாட்டி ஏமாந்த அதே இடத்தில் கீழே என் பெரியம்மாவும் ஏமாந்துகொண்டிருந்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள்.

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. போன தடவை படித்த வசனங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். குனிந்து அக்காவின் காதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "இல்லக்கா, இவ பொய் சொல்றா, அவன் பாட்டியை ஊருக்கு அனுப்பிடச் சொல்றான்." அம்மாவின் ரகசியக் குரல் நாலு வரிசைக்குக் கேட்கும். பின்னாலிருந்து "உஷ்" என்றார்கள். நான் கையைப் பிடித்து "அம்மா, சும்மா இரு" என்றேன். அம்மா திரும்பி, உஷ் சொன்னவரிடமே, "அங்க எழுதிப் போட்டிருந்தா நான் ஏன் சார் பேசப்போறேன்?" என்றார். அதற்கு மேல் யாரும் உஷ் சொல்லவில்லை.

இடைவேளையில் நுழைவாயிலில் நின்ற தன்னார்வலரிடம் கேட்டேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "இங்கிலீஷ் எல்லாருக்கும் தெரியும்தானே மேடம்" என்றார். குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். நடிகர்கள் நன்றாகவே நடித்தார்கள், அந்த மகளாக வந்தவர் முதல் குழுவில் நடித்தவரைவிட ஒரு படி மேல். எனக்கு நடிப்பில் குறை இல்லை.

நாடகம் முடிந்து கலந்துரையாடல். இதைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுத வேண்டும். 'கேள்வி மட்டும் கேளுங்கள்' என்று அறிவித்தபின் மைக்கை வாங்கித் தன் சுயசரிதையைச் சொல்லும் ஒரு மனிதர் ஒவ்வொரு அரங்கிலும் எப்படியோ வந்துவிடுகிறார். அன்றும் வந்திருந்தார். தான் கல்லூரியில் போட்ட நாடகத்தில் ஆரம்பித்து ஐரோப்பிய நாடக மரபு வரை போனார், கடைசி வரை கேள்வி வரவில்லை. அதற்குப் பதில் சொன்ன இயக்குநர், "உணர்ச்சிக்கு மொழி கிடையாது" என்றார். கைதட்டல். அம்மா கையைத் தூக்கிக்கொண்டேயிருந்தார். மைக் எங்கள் வரிசைக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. தமிழ்ப் பாதி உள்ள நாடகத்தைப் பற்றி அந்தக் கலந்துரையாடலில் தமிழில் ஒரு கேள்விகூட வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உணர்ச்சிக்கு மொழி கிடையாது என்று சொல்பவர்கள் எல்லோரும் அந்த மொழியைத் தெரிந்தவர்களாகவே இருக்கிறார்கள். புரியாமல் உட்கார்ந்திருந்த யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

உடனே கருத்துப் பகுதியில் ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். "குவோ பாவ் குன் 1988இல் சிங்கப்பூரில் போட்ட 'மாமா லுக்கிங் ஃபார் ஹெர் கேட்' (அம்மா தன் பூனையைத் தேடுகிறாள்) நாடகம் தெரியாதா? ஹொக்கியன் என்ற சீன மொழி பேசும் தாயும் தமிழ் பேசும் முதியவரும் மொழி புரியாமலே பூனையைப் பற்றிப் பேசிக்கொள்வார்களே" என்பார். தெரியும். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாததுதான் அந்தக் காட்சியின் விஷயமே. அதற்காகவே எழுதிய காட்சி. அங்கே சர்டைட்டில் போட்டால் கெட்டுவிடும் என்று நானும் சொல்வேன். அதை வைத்துக்கொண்டு எல்லா நாடகத்துக்கும் விதி எழுதாதீர்கள். பொய்யான மொழிபெயர்ப்பையே நம்பி நிற்கும் கதையில் உண்மை தெரிய வேண்டாமா?

இன்னொருவர் வந்து, சர்டைட்டில் கலையின் தூய்மையைக் கெடுக்கிறது என்பார். இது பழைய புகார். 1983 ஜனவரியில் டொராண்டோவில் கனடிய ஆப்பரா கம்பெனி 'எலெக்ட்ரா' என்ற ஜெர்மன் ஆப்பராவுக்கு (வசனத்தைப் பாட்டாகவே பாடும் நாடகம்) மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பை ஓடவிட்டதுதான் இதன் தொடக்கம். அப்போதும் முணுமுணுத்தார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா பல வருடம் பிடிவாதமாக இருந்துவிட்டு 1995இல் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் சின்னத் திரை வைத்தது. வேண்டாதவர் அணைத்துவிடலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு இல்லை. உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதுதான், ஆனால் நாமெல்லாம் போகிற சின்ன அரங்குகளில் அதற்கு எங்கே போவது? லண்டனில் இங்கிலீஷ் நேஷனல் ஆப்பரா ஆங்கிலத்திலேயே பாடுகிற இடம். அங்கேயும் 2005 முதல் ஆங்கிலத்திலேயே சர்டைட்டில் போட ஆரம்பித்தார்கள். சொந்த மொழியையே பாட்டில் பிடிக்க முடியாதபோது அடுத்த மொழிக்கு என்ன சொல்ல?

வேறு வழியும் சிலர் செய்து பார்த்திருக்கிறார்கள். 2012இல் லண்டன் குளோப் அரங்கில் ஷேக்ஸ்பியரின் 37 நாடகங்களை 37 மொழிகளில் போட்டபோது வசனத்துக்கு வசனம் மொழிபெயர்க்காமல் காட்சிச் சுருக்கத்தை மட்டும் திரையில் காட்டினார்கள். கதை முன்பே தெரிந்த நாடகத்துக்கு அது சரி. 2019இல் சிட்னியில் மேடையேறிய சக்திதரனின் 'கவுன்டிங் அண்ட் கிராக்கிங்' நாடகத்தில் ஒருவர் தமிழிலோ சிங்களத்திலோ பேசினால் மேடையில் இருக்கும் இன்னொரு நடிகரே அதை ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார். அழகான ஏற்பாடு. கண் மேடையை விட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் கவனித்தீர்களா, அதுவும் ஆங்கிலத்தை நோக்கித்தான் போகிறது.

நீங்கள் கேட்டதற்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேள்விக்குப் பதில் இல்லை என்று யாராவது புகார் செய்வார்கள். முன்வரிசையைத் தவிருங்கள். அங்கிருந்து திரையைப் பார்க்கக் கழுத்தைத் தூக்க வேண்டும், தூக்கினால் மேடை போச்சு. நடுவில் அல்லது அதற்குக் கொஞ்சம் பின்னால், பால்கனி இருந்தால் அதன் முன்பகுதியில் உட்கார்ந்தால் திரையும் நடிகர் தலையும் ஒரே பார்வையில் விழும். ஸ்லைடில் பெரும்பாலும் இரண்டு வரிதான் இருக்கும். அது மாறிய உடனே ஒரு தடவை படித்துவிட்டுக் கீழே இறங்கிவிடுங்கள்; அங்கேயே நின்று அடுத்ததற்குக் காத்திருப்பவர்களுக்குத்தான் மேடை தெரிவதில்லை. இரண்டு மொழியும் தெரிந்தவர் என்றால் எளிய வழி இருக்கிறது: திரை கண்ணுக்குப் படாத ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். யாரும் அதைக் கேட்பதில்லை, உடனே கிடைக்கும். நான் தனியாகப் போகும்போது அப்படித்தான் செய்கிறேன்.

வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால், சர்டைட்டில் எந்த மொழியில் இருந்து எந்த மொழிக்கு என்று கேட்டுவிடுங்கள். 'சர்டைட்டில் உண்டு' என்ற வரியை நம்பாதீர்கள். இப்போது நான் கேட்காமல் எடுப்பதில்லை. அடுத்து வரப்போகும் ஒரு நாடகத்துக்கும் கேட்டு எழுதியிருக்கிறேன், பெரியம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.