இந்தத் தடைக்காலத்தில் ஆபரேஷன் வேண்டாம்

கேள்வி: வயது 52, விசைப்படகு டிரைவர். நான்கு மாதமாக விறைக்கும்போது உறுப்பு மேல்பக்கமாக வளைகிறது, வலிக்கிறது. உள்ளே பட்டாணி போல ஒரு கட்டி. இணையத்தில் கேன்சர் என்கிறார்கள். லாட்ஜில் வந்து பார்க்கும் வைத்தியர், சின்ன வயசுக் கைப்பழக்கத்தால் வந்தது என்று தைலம் கொடுத்தார். வைட்டமின் ஈ-யும் சாப்பிடுகிறேன். முன்போல் விறைப்பு இல்லை, நண்பர் ஒரு நீல மாத்திரை கொடுத்தார். வலை இழுத்தால் நெஞ்சு அடைக்கிறது, பீடியை விட முடியவில்லை. மீன்பிடித் தடைக்காலத்து 61 நாளில் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? மனைவிக்குத் தெரியாது.
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: முதலில் நெஞ்சைப் பாருங்கள். பீடி பிடிக்கிற 52 வயதுக்காரருக்கு விறைப்பும் குறைந்து, வலை இழுக்கையில் நெஞ்சும் அடைக்கிறது என்றால் அதை நான் வயசுக் கோளாறு என்று தள்ள மாட்டேன். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் இதயத்தின் குழாயைவிடச் சிறியது. அடைப்பு பலருக்கு அங்கேதான் முதலில் தெரியும். மாரடைப்பு சில வருடம் கழித்து வரலாம். ஈசிஜி, சுகர், பிரஷர், கொழுப்பு எல்லாவற்றையும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். சும்மா இருக்கும்போதே நெஞ்சு அடைத்து வியர்த்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். நண்பர் கொடுத்த மாத்திரையை அதுவரை தொடவே கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட்டோடு அது சேர்ந்தால் பிரஷர் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

கேன்சர் பயத்தை விடுங்கள். அங்கே வரும் புற்று பெரும்பாலும் நுனி மொட்டிலோ முன்தோலிலோ ஆறாத புண்ணாக, வளர்ச்சியாகத் தெரியும். நீங்கள் சொல்வது பெய்ரோனி நோயின் அடையாளம். விறைப்புத் திசுவைச் சுற்றியுள்ள உறையில் தழும்பு தடித்திருக்கிறது. அந்த இடம் விரியாது, அதனால் அந்தப் பக்கமாக வளைகிறது. பிரெஞ்சு அரசர் 15ஆம் லூயியின் அறுவை மருத்துவர் பெய்ரோனி 1743இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். கைப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தைலத்தைத் தூக்கி எறியுங்கள். அழுத்தித் தேய்ப்பது காயத்தின் மேல் காயம். வைட்டமின் ஈ வளைவை நிமிர்த்தாது, காசுதான் போகும்.

உள்ளங்கையை மேசை மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். மோதிர விரலோ சுண்டு விரலோ படியாமல் மடங்கி நின்றால், உள்ளே கயிறு போலத் தடிப்பு தட்டுப்பட்டால், மருத்துவரிடம் சொல்லுங்கள். இதே குணமுள்ள தழும்பு கையிலும் வரும். வடம் பிடித்துக் காய்த்துப்போன தோல் வேறு, இது வேறு.

இனி ஆபரேஷன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில் நிற்கும், வருமானம் கெடாது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கணக்கு நியாயம்தான், ஆனால் தழும்பு அதைக் கேட்காது. வலி இருக்கிறது என்றாலே நோய் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்தக் கட்டம் 6 முதல் 18 மாதம் வரை போகும். இப்போது நிமிர்த்தித் தைத்தால் அடுத்த மாதம் வேறு பக்கம் வளையலாம். வலி நின்று, வளைவு குறைந்தது 3 முதல் 6 மாதம் கூடாமல் குறையாமல் இருந்த பிறகுதான் கத்தி. அடுத்த வருடத் தடைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். "வா, இப்பவே முடிச்சிடலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதுவரை வலிக்கு மருத்துவர் தரும் மாத்திரை போதும். உறுப்பை நீட்டிப் பிடிக்கும் கருவியைத் தினமும் சில மணி நேரம், மாதக்கணக்கில் பொறுமையாக அணிந்தால் ஓரளவு பலன் உண்டு. தழும்புக்குள்ளேயே போடும் ஊசிகள் இருக்கின்றன. தழும்பைக் கரைக்கும் கொலாஜினேஸ் ஊசிக்கு அமெரிக்காவில் 2013இல் அனுமதி கிடைத்தது. அது நோய் நிலைத்த பிறகு, 30 டிகிரிக்கு மேல் வளைந்தவர்களுக்கு. வெராபமில் ஊசியும் போடுகிறார்கள், பலன் ஆளுக்கு ஆள் மாறும். அதிர்வலை சிகிச்சை வலியைக் குறைக்கும், வளைவை அல்ல. நிமிர்த்தித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உறவுக்கு இடைஞ்சல் இல்லாத வளைவென்றால் ஆபரேஷனே தேவையில்லை. விறைப்பு நன்றாக இருந்தால் எதிர்ப்பக்கத்தைச் சுருக்கித் தைப்பார்கள். நேராகும், கொஞ்சம் நீளம் குறையும். 60 டிகிரிக்கு மேல் போன வளைவுக்குத் தழும்பை வெட்டித் திறந்து ஒட்டுத் திசு வைப்பார்கள். அதில் விறைப்பு குறையவும் உணர்ச்சி மரக்கவும் வாய்ப்பு அதிகம். மாத்திரைக்கும் விறைப்பு வராதவருக்கு உள்ளே செயற்கைக் கருவி பொருத்துவதுதான் வழி, அதிலேயே வளைவும் பெரும்பாலும் சரியாகும். எதுவானாலும் சுமார் ஆறு வாரம் உறவு கூடாது.

மதுரை ராஜாஜி மருத்துவமனை யூராலஜி பிரிவுக்குப் போகும்போது, விறைத்த நிலையில் மேலிருந்தும் பக்கவாட்டிலும் போனில் எடுத்த படங்களைக் கொண்டுபோங்கள். வெட்கப்படாதீர்கள், டாக்டருக்கு வளைவை அளக்க அதுதான் உதவும். போவதற்கு முன் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். நான்கு மாதமாக நீங்கள் ஏன் விலகிப் படுக்கிறீர்கள் என்று அவர் தனியாக என்னென்னவோ நினைத்துக்கொண்டிருப்பார்.