முதலில் காது, பிறகு கருவி

கேள்வி: கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் எனக்கு டிஜே ஆக விருப்பம். மஞ்சள் விற்ற பணத்தில் பெரிய கருவியாகவே வாங்கித் தருவதாக அப்பா சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இப்போது வேண்டாம். மடிக்கணினியோடு இணைந்து இரண்டு பாடல்களைக் கலக்க உதவும் இரண்டு சேனல் கன்ட்ரோலரும் காதை நன்றாக மூடும் ஹெட்போனும் முதல் ஆண்டுக்குத் தாராளமாகப் போதும். ஒரு காதில் ஹெட்போன் வழியே அடுத்த பாடலையும், மறு காதில் வெளியே ஒலிக்கும் பாடலையும் கேட்டபடி, இரண்டின் தாள அடிகளும் ஒன்றாக விழும்வரை வேகத்தைச் சரிசெய்யப் பழகுங்கள். வெளியே ஒலிக்கும் பாடல் நிமிடத்துக்கு 126 அடிகளில் ஓடும்போது 120 அடிகள் கொண்ட பாடலைச் சேர்க்க, அதன் வேகத்தை 5 சதவீதம் கூட்ட வேண்டும். கன்ட்ரோலரிலுள்ள சிங்க் பொத்தான் இதைத் தானே செய்துவிடும் என்றாலும், மனிதர்கள் நேரில் வாசித்துப் பதிவான பழைய பாடல்களில் வேகம் சற்றே கூடிக் குறைவதால், அங்கே அது அடிக்கடி தடுமாறும்; உங்கள் காதுதான் காப்பாற்றும்.

நம் கொங்குப் பகுதிக் குழு நடனமான வள்ளி கும்மியில் கைத்தட்டும் காலடியும் பொருந்தும் இடத்தை அருகில் நின்று கவனியுங்கள். கூட்டத்தின் மூச்சறிந்து வேகம் கூட்டும் வித்தையை அந்தக் கும்மி ஆசிரியர்களைவிட நன்றாகச் சொல்லித்தருவோர் இல்லை என்பேன்.

வருமானத்துக்கு, ஊரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ரேடியோ செட்காரரிடம் உதவியாளராகச் சேர்ந்து, ஒயர் இழுப்பதிலிருந்து தொடங்குங்கள். திருமண வாய்ப்புகள் பெரும்பாலும் அவர் வழியாகவே வரும். திறந்தவெளியில் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டென்பதை முன்பணம் வாங்கும்போதே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.